மாஸ்கோ பேசிய ரேடியோ

1. ரஷ்யா வருமா?

கல்வராயன் மலையடியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மாதாந்திர விசிட்டுக்காகப் புது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸுக்குள் நுழைந்தேன். கிராம ரேடியோ இருந்த மேஜைக்கு முன்னால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், நீதான் ரேடியோ மெக்கானிக்கா? இந்தப் பொட்டில ரஷ்யா வருமா?"

"ஷார்ட் வேவ்ல திருப்புனா வரும் சார்."

"அமெரிக்கா?"

"அதுவும் வரும் சார்."

"அமெரிக்கா வந்தா வந்துட்டுப் போவுது. ரஷ்யா வந்துச்சா, அத்த மட்டும் பாத்துச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. உலக யுத்தத்தில் ஒரே பக்கம் நின்று ஜெயித்த அமெரிக்காவும் ரஷ்யாவும், அது முடிந்த சூட்டோடு ஒருவர் மேல் ஒருவர் பாயக் காத்திருந்தார்கள். நம் ராஜதானியில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. சிவப்புத் துண்டு போட்டவனையெல்லாம் கூப்பிட்டு விசாரித்த காலம் அது.

கிராம மணியக்காரர் தூணோரம் நின்றிருந்தார். புகார் கொடுத்தவரே அவர்தான்.

"நேத்து சாயங்காலம் ஸ்பீக்கர்ல மாஸ்கோ, மாஸ்கோன்னு கத்துச்சு தம்பி. இந்தக் காதால கேட்டேன். மாட்டப் புடிச்சிக்கினு போனவன்லாம் நின்னு கேட்டான்."

ரேடியோவைப் பார்த்துக்கொள்கிற அர்ச்சுனன், சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். கூலி வேலை செய்கிற குடும்பம். அந்த ஊரிலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே ஆள் என்பதால் ரேடியோவைப் போடவும் நிறுத்தவும் அவரை வைத்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது சிறியவர்.

2. செட்டும் சீலும்

இன்று டி.வி. ரிப்பேர் பழகுகிற தம்பிகளுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். கிராம ரேடியோ என்றால் சர்க்கார் ஸ்டேஷன் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். ஆனால் புது செட்டுக்குப் பஞ்சம். அமெரிக்கப் பட்டாளம் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன டிஸ்போசல்ஸ் செட்டுகளைப் பழுதுபார்த்து, சில ஊர்களில் வைத்தோம். பட்டாள செட்டில் ஷார்ட் வேவ் இருக்கும், உலகமே வரும். அதனால் முள்ளை நம் ஸ்டேஷனில் நிறுத்தி, திருகைச் சுற்றி மெல்லிய கம்பி கட்டி, முனையில் ஈயக் குண்டு கோத்து, பிளையரால் அமுக்கி சீல் வைத்துவிடுவோம். ஒவ்வொரு விசிட்டிலும் பழைய சீலை அறுத்து, செட்டைத் துடைத்து, புது சீல் வைக்க வேண்டியது மெக்கானிக்கின் வேலை.

மூடியைத் திறந்தேன். கம்பி இல்லை. முள் ஷார்ட் வேவில் நின்றது.

"எழுதுய்யா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

'சீல் அறுக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை.

அர்ச்சுனன் என்னையே பார்த்துச் சொன்னார்: "திருப்புனது நான்தான் சார். இல்லேங்கல. ஆனா நான் அறுக்கல. தொறந்தப்பவே கம்பி இல்ல சார்."

"பின்ன எலி தின்னுட்டுப் போச்சா?" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாயில் அன்றைக்குக் கொள்ளி வைத்திருக்க வேண்டும்.

"இன்னாத்துக்குடா திருப்புன?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நியூஸ் கேக்கத்தான் சார். நம்ம ஸ்டேஷன் ஒரே கொரகொரன்னுச்சு. கோட்டா கேஸு இன்னா ஆச்சுன்னு தெரியல. எங்கனா சொல்றானான்னு தேடிக்கினே போனேன். இது வந்து மாட்டிக்கிச்சு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பாகி, டெல்லி அப்பீல் நிலுவையில் இருக்க, ஊருக்கு ஊர் ஊர்வலமும் கடையடைப்புமாகக் கிடந்தது. அர்ச்சுனன் அந்த ஒதுக்கீட்டில் குமாஸ்தா வேலைக்குத் தேர்வாகி, ஆர்டர் வராமல் தவித்துக்கொண்டிருந்தவர். போலீஸ் நன்னடத்தை ரிப்போர்ட்டும் பாக்கி. அதை எழுத வேண்டியவர் இதே சப்-இன்ஸ்பெக்டர்.

அர்ச்சுனனை நடத்தியே கூட்டிப்போனார்கள். அவருடைய அம்மா தெருமுனையில் என்னை மறித்தாள்.

"இன்னாங்க பண்ணான் என் புள்ள? ரேடியோ கேட்டா ஜெயிலுங்களா? வூட்டுல அடுப்புகூட இன்னும் பத்த வெக்கல சாமி!"

"ரூல்ஸ் மா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

3. என் பை

எங்கள் ஆபீஸ் இருந்த கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, டூல்ஸ் பையை மேஜையில் கவிழ்த்தேன். பிளையருக்குள் சிக்கிக்கொண்டு ஒரு கம்பித் துண்டு வந்தது. முனையில் ஈயக் குண்டு. அமுக்காத குண்டு.

போன விசிட்டை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

போன மாதம் அதே ஊரில் பழைய சீலை அறுத்தேன். புதுக் கம்பியை வெட்டிக் குண்டைக் கோத்தேன். அப்போது வெளியே யாரோ, "ஊர்கோலம் வருது, பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாம்!" என்று கத்தினார்கள். கம்பியைப் பையில் திணித்து, மூடியைச் சாத்தி, 'சீல் வைக்கப்பட்டது' என்று கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அறுத்தவன் நான். வைக்காதவன் நான். அறுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிக்கொடுத்தவனும் நான்தான்!

சூப்பர்வைசரிடம் ஓடினேன். கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நீ இன்னும் டெம்பரரிதான? நீயும் அந்தக் கோட்டாவுல வந்தவன்தான? இப்ப எழுதிக் குடுத்தா, வேணும்னே தொறந்து வுட்டான்னு உன்னையும் அந்தக் கட்சில சேத்துடுவான். வாய மூடிக்கினு இரு."

மூடிக்கொண்டு இருந்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான்.

நாலு நாளில் அர்ச்சுனனைக் கேஸ் இல்லாமல் விட்டுவிட்டார்கள். அப்பாடா, தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒதுக்கீடு செல்லும்படி டெல்லியில் சட்டத்தையே திருத்தினார்கள், நின்று கிடந்த ஆர்டர்கள் வரிசையாக வந்தன. எனக்குப் பர்மனென்ட் ஆனது. அர்ச்சுனனுக்கு ஆர்டர் வரவில்லை. ரிப்போர்ட்டில் 'கம்யூனிஸ்ட் அனுதாபி' என்று எழுதி, ஆதாரமாக என் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்களாம். தாலுகா ஆபீஸ் நண்பர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

4. கரும்புக் கொல்லை

மேலும் ஒரு வருஷம் போக்கிவிட்டுத்தான் அவரைத் தேடிப் போனேன். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கிறார் என்றார்கள். வெட்டுக்கத்தியும் கையுமாக வந்தார். கரும்புத் தோகை கிழித்து முழங்கை முழுக்கக் கோடுகள். தண்ணீர் வேண்டுமா என்று முதலில் கேட்டார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும் சார். கம்பி இல்லேன்னு அன்னிக்கே சொன்னனே. சீல் வெக்கிறது ஒங்க வேலதான? வூட்டுக்குப் போயி யோசிச்சா வெளங்கிடும், மாத்தி எழுதிக் குடுப்பாருன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"அப்ப நான் டெம்பரரிப்பா. வேலை போயிருக்கும்."

"இப்ப?"

"இப்போ பர்மனென்ட் ஆயிடுச்சு."

"எப்ப ஆச்சு?"

"ஒரு வருஷம் ஆவுது."

அவர் கத்தியை மடித்த துணியில் துடைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அப்ப ஒரு வருஷமா இன்னாத்துக்கு சார் எழுதல?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. அமெரிக்கா, ரஷ்யா, கோர்ட்டு, சூப்பர்வைசர் என்று அத்தனை பேர் மேலும் பழியைப் போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு வருஷத்தைப் போட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அன்றே மேலதிகாரிகளுக்கு உண்மையை எழுதினேன். கம்பியையும் கவரில் வைத்து அனுப்பினேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. அர்ச்சுனனுடைய ஃபைல் முடிந்துபோனது, வயது வரம்பும் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் போட்டார்கள்.

தம்பிகளே, ரிப்போர்ட்டில் கண்ணால் பார்த்ததை எழுதுவதற்கு முன்னால், கடைசியாக உங்கள் கை அங்கே என்ன செய்தது என்று யோசியுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதுங்கள். நான் எழுதினேன். அதற்குள் அவர் கரும்பு வெட்டப் பழகியிருந்தார்.