தகரப்பேணித் தளபதியின் மரண அறிவித்தல்

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் சொந்தக்காரருக்குச் சொன்ன கையோடு ரஜீபனுக்கும் சொல்வார்கள். பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட அவர் ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறார். கலியாண அட்டையும் அடிப்பார்தான், ஆனால் கடை ஓடுவது மரண அறிவித்தலில். இந்தத் தீவுக் கலியாணங்கள் கனடாவிலும் சுவிசிலும் நடக்கின்றன. சாவு மட்டும் இன்னும் இங்கேதான் நடக்கிறது.

ரஜீபன் நாரந்தனைக்காரர். நாற்பதை நெருங்குகிறார், ஒல்லியான உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். செத்தவீட்டுக்காரர் அழுதழுது சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, ஒரு மருமகளின் பெயர்கூட விடுபடாமல் சேர்ப்பார். விடுபட்டால் அது அடுத்த தலைமுறைவரை சண்டையாகும் என்று அவருக்குத் தெரியும். அதற்காக ஊர் அவர்மேல் வைத்த நம்பிக்கைதான் அவருடைய முதல்.

லண்டன் மச்சான் ஒருவர் விடுமுறைக்கு வந்துபோனபோது ஒரு பெட்டியை இவரிடம் விட்டுப் போனார். உள்ளே இருபது முகப் பகடையும் ஒரு தடித்த புத்தகமும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஞாயிறு பின்னேரங்களில் கடைக்குள் இருந்து விளையாடுவோம். கதை நடத்துவது ரஜீபன். விளையாடுவது அவருடைய மனைவி மேனுகா, நோட்டீஸ் ஒட்டும் ஓட்டோக்காரர் அன்ரனிதாஸ், வடமராட்சியிலிருந்து மாற்றலாகி வந்து இங்கே அரசாங்கக் கந்தோரில் குப்பை கொட்டும் நான். வளர்ந்த ஆட்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இல்லை.

புத்தகத்தில் இருந்த பெயர்களைப் பார்த்ததும் அன்ரனிதாஸ் கையை விரித்துவிட்டார்.

"இதைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ளை பூதம் எங்களைத் திண்டு ஏவறையும் விட்டிடும், அண்ணை."

ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். மேனுகாவின் மந்திரவாதி சம்பல் சித்தர். அவர் மந்திரம் போட்டால் எதிரிக்குக் கண் எரியும். என் ஆள் கடைசிபஸ் கனகாம்பிகை. எந்தச் சண்டைக்கும் முடிந்த பிறகுதான் வந்து சேருவாள். அன்ரனிதாஸ் தன் வீரனுக்கு, தகர டப்பாபோல் நெளிந்த கவசத்தைப் பார்த்துத் தகரப்பேணித் தளபதி என்று வைத்தார். சிரிப்புக்கு வைத்த பெயர்தான் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். தளபதிக்குக் காயம் பட்டால் எங்கள் மூன்று பேருக்கும் நோகும்.

பெயர் வைப்பதில் ரஜீபன் ஒரே ஒரு தடை போட்டிருந்தார். ஊரில் யாருடைய பட்டப்பெயரும் வரக்கூடாது. இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பட்டம் உண்டு. எல்லோருக்கும் தெரியும், முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சொன்னால் கொலை விழும். நாரந்தனைப் பட்டமெல்லாம் ரஜீபனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பக்கத்து ஊரான கரம்பொன்னின் பட்டம் தெரியாது. அங்கேதான் மனிசன் சறுக்கினார்.

ஒரு ஞாயிறு பகடையில் ஆகக் குறைந்த எண்ணான ஒன்று விழுந்தது. தளபதி பாலத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அன்ரனிதாஸ் உண்மையாகவே கண் கலங்கிவிட்டார். அவரைத் தேற்றுவதற்காக ரஜீபன், "பொறும், தளபதிக்கும் ஒரு நோட்டீஸ் அடிப்பம்" என்றார்.

அச்சுக்காரர் எதையும் புதிதாக எழுதுவதில்லை. முன்னைய சாவைக் கணினியில் திறந்து பெயரை மாற்றுவார். அன்று கடைசியாக அடித்தது கரம்பொன்னில் தவறிய ஒருவருடையது. ரஜீபன் பெயரை எடுத்துவிட்டு 'அமரர் தகரப்பேணியார்' என்று போட்டார், படத்துக்குப் பதிலாகக் குத்துவிளக்கு. பிள்ளைகளின் பெயர்களையும் எடுத்தார். கரம்பொன்னைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட என்ற வரி அப்படியே இருந்துவிட்டது. ஆளுக்கொன்றாக அடித்ததை உண்மையான நோட்டீஸ் கட்டின் மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம். மழை இருட்டவும், அன்ரனிதாஸ் நோட்டீஸ் கட்டை அப்படியே அள்ளிக்கொண்டு கரம்பொன்னில் ஒட்ட ஓடினார். பசை பூசுகிறவர் வாசிப்பதில்லை.

காலையில் யாரோ தொலைபேசியில் ரஜீபனை ஏசினார்கள். நானும் அவரோடு மோட்டார் சைக்கிளில் கரம்பொன்னுக்குப் போனேன்.

கரம்பொன்னில் தகரப்பேணியார் என்றால் ஒரு குடும்பம். தென்பகுதியில் கடை வைத்திருந்த பாட்டன், போகிற வீடெல்லாம் தன் தகரப்பேணியோடு போய்த் தேநீர் குடித்தாராம். இப்போது அந்தக் குடும்பத்தில் மிச்சம் இரண்டு பேர்: மார்க்கண்டரும் தம்பி சிவகுருவும். பிள்ளைகள் வெளிநாட்டில். பக்கத்துப் பக்கத்து வளவு, எல்லை வேலிக் கதியால் ஒன்றைத் தள்ளி நட்டது யார் என்ற வழக்கில் பல வருடமாகப் பேச்சில்லை.

ஒழுங்கை நிறையச் சனம். செத்தது தமையனா தம்பியா என்று தெரியாததால் பாதிப்பேர் இந்தப் படலையில், பாதிப்பேர் அந்தப் படலையில். இரண்டு பேரும் உயிரோடு தத்தம் முற்றத்தில் நின்றதைக் கண்டதும் ஆளாளுக்கு வேறு கதை எடுத்தார்கள். எதற்கு வந்தோம் என்று சொன்னால் பட்டப்பெயரைச் சொன்னதாகிவிடும்.

"கிணத்திலை தண்ணி எப்பிடி, அண்ணை?" என்று மார்க்கண்டரிடம் ஒருவர் கேட்டார். வெள்ளைச் சேலையோடு வந்த ஒரு பெண் முருங்கைக்காய் இருக்கிறதா என்று விசாரித்தார்.

மார்க்கண்டர் படலையைத் தாண்டி வந்தார். எதிர் மதகில் ஒட்டியிருந்ததை வாசித்தார். தான் உயிரோடு நிற்கிறபடியால் அது தம்பிதான் என்று முடிவுகட்டி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளவுக்கு ஓடினார். தமையன் வாசலில் கூட்டத்தைக் கண்டு தம்பியும் ஓடி வந்தார். நடு ஒழுங்கையில் முட்டிக்கொண்டார்கள்.

"அண்ணை, நீங்களோ செத்தது?"

"நானெண்டால் இப்பிடி ஓடி வருவனோடா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிவகுரு தமையனுடைய தோளைப் பிடித்தபடி விம்மினார்.

ரஜீபன் முன்னால் போய், "நான்தான் அடிச்சனான். விளையாட்டுக்கு" என்றார். அந்தப் பெரிய குரல் கேட்கவே இல்லை. மார்க்கண்டர் அவரைப் பார்த்துவிட்டு, "போம்" என்று மட்டும் சொன்னார்.

உயிரோடு இருப்பவனுக்குச் சாவு நோட்டீஸ் அடித்தவனிடம் செத்தவனை யார் கொடுப்பார்கள்? அந்த வாரம் கரம்பொன்னில் நடந்த சாவு யாழ்ப்பாணத்துக்குப் போய் அச்சாகி வந்தது. நாரந்தனைச் சாவும் போனது, அவருடைய சொந்த ஊர். ரஜீபன் பகடைப் பெட்டியைக் கட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். கடையை விற்றுவிட்டு எங்கே போவது என்று மேனுகா என்னிடம் கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பெயருக்கு இவ்வளவு தண்டனையா என்று ஊர் முழுவதையும் ஏசவேண்டும்போல் இருந்தது.

பிறகு ஒருநாள் அன்ரனிதாசின் ஓட்டோவில் சகோதரர்கள் இருவரும் வந்து இறங்கினார்கள். கதியாலைப் பற்றி உள்ளே வரும்வரை சண்டைதான், ஆனால் ஒருவரோடொருவர் பேசித்தான் சண்டை பிடித்தார்கள். ரஜீபன் எழுந்து நின்றார். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நானும் எழுந்தேன்.

மார்க்கண்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "எங்கடை ரண்டு பேரின்ரை நோட்டீசும் நீர்தான் அடிக்கோணும். றோட்டிலை நிக்கிற சனத்துக்கும் கேக்கத்தான் சத்தமாச் சொல்லுறன்."

ரஜீபன் ஒரு தாளை எடுத்து இரண்டு பெயரையும் எழுதினார்.

"அந்தப் பேரையும் போடும்," என்றார் சிவகுரு. "வெறும் சிவகுரு எண்டு போட்டால் என்ரை செத்தவீட்டுக்கு ஆர் வருவினம்?"