அம்மா மாற்றாத பூ

ஃபுசாயேயை நேற்று அவள் பிறந்த மலையூரில் தகனம் செய்தார்கள்; நானும் போயிருந்தேன். எனக்கு அண்ணியாக வந்தவள். ஆனால் எங்கள் குடும்பப் பதிவில் அவள் பெயர் ஏறவே இல்லை. ஜப்பானில் எங்கள் மத்சுயே ஊரில் அந்நாளில் மாமியாருக்குப் பிடித்தால்தான் மருமகளின் பெயரைப் பதிவார்கள். அதுவரை எந்த நாளும் அவளைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாம்.

அம்மா தேநீர்ச் சடங்கு கற்றுத்தருபவள். கரி சுடுகிற மலையூர்க்காரியை அண்ணன் தானே பார்த்துக் கட்டிவந்தது அவளுக்கு ஆறவில்லை. தேநீர் அறைக் குடுவையில் பூ வைக்கும் வேலையை அண்ணியிடம் கொடுத்தாள். பனி உலர்வதற்குள் தோட்டத்தில் ஒரு பூவும் ஒரு புல்லும் கொய்து வந்து வைப்பாள் அண்ணி. மாணவிகள் எதிரிலேயே அம்மா அதை உருவிப் போட்டுவிட்டு வேறு வைப்பாள். என்ன தப்பு என்று சொல்லமாட்டாள்.

இலையுதிர்காலத் தேநீர்க் கூட்டத்தன்று அண்ணி நாணல் கதிரோடு ஒமினாயேஷி என்ற மஞ்சள் பூவை வைத்தாள். நிலாப் பார்க்கிற இரவில் அவள் ஊரில் வைக்கிற ஜோடி அது. அம்மா வந்தாள், நெடுநேரம் பார்த்தாள், தொடவில்லை.

"மாத்தலையா அத்தை?"

"நீ வச்சது. இருக்கட்டும்."

சமையற்கட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மாசமே பேர் ஏத்திருவாங்க, இல்ல?"

விருந்தாளிகள் அமர்ந்தார்கள். கதவுகளைச் சாத்தியதும் கணப்புச் சூட்டில் நாற்றம் கிளம்பியது. தண்ணீரில் நின்றால் அந்தப் பூ வீச்சமடிக்கும். தேநீர் அறைக்கு அது ஆகாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் பாடம்.

பல்மருத்துவர் மனைவி மூக்கை விசிறியால் மறைத்தாள். "உங்க வீட்டு சோயா ஜாடி ஊசிப்போச்சா டீச்சர்?"

"மருமக வச்ச பூங்க. அவங்க மலையில இதுதான் வாசனையாம்."

சிரித்தார்கள். பலகாரத் தட்டோடு நுழைந்த அண்ணி, எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தாள். அப்போதுதான் அவளுக்கும் நாற்றம் எட்டியது.

எல்லோரும் போனபின் பாயில் நெற்றி பதித்துக் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே அத்தை. கத்துக்கிட்டிருப்பேனே."

"கத்துக்குவே. அதான் சொல்லல."

அண்ணன் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. காலையில் அம்மாவே அண்ணியின் துணிகளை மடித்து மூட்டை கட்டினாள். மிக அழகாகக் கட்டியிருந்தாள்.