நீலக் கோட்டுக்காரிகள்

என் அக்காவுக்கு அழுக்கைக் கண்டால் அருவருப்பு கிடையாது. அவள் பிழைப்பே அதுதான். மூலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு காலத்தில் கார் நிறுத்திய அறையில், சலவைக்கடை வைத்திருக்கிறாள். குடித்துவிட்டு வாந்தியெடுத்த விரிப்பு, குழந்தை நனைத்த மெத்தை உறை, மாதக்கணக்கில் தண்ணீரைக் காணாத காலுறை என்று ஊர்ப்பட்ட துணி வரும். எதையும் மூக்கைப் பொத்தாமல் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எந்தத் தொட்டிக்கு எது என்று பிரித்துப் போடுவாள். மனிதர்கள் விஷயத்தில்தான் அவளுக்குக் குமட்டும். எனக்கும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

நான் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். அக்காவின் மூட்டைகளை ஏற்றி இறக்குவதும் நான்தான். மாமா இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் பின்னறையில் தூங்குவார். நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் அக்கா இரண்டு போர்வையைப் பிழிந்து காயப்போட்டுவிடுவாள். அந்தக் கடையின் கை, கால், முதுகு எல்லாமே அவள்தான். அந்த முதுகு வலிக்க ஆரம்பித்த வருஷம் நடந்த கதை இது.

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜ் இருக்கிறது. அங்கிருந்து சில அறைகளின் விரிப்புகள் மட்டும் எங்களிடம் வந்துகொண்டிருந்தன. அதன் மேனேஜர் ஒரு நாள் கடைக்கே வந்தார்.

"எல்லா ரூமையும் உங்ககிட்டயே குடுத்திடறேன். ஆனா காலையில போட்டா சாயங்காலம் திரும்பி வரணும். கையால துவைச்சு இது ஆகிற காரியம் இல்ல. பெரிய மிஷின் ஒண்ணு போடுங்க. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கிறேன்" என்றார்.

மிஷின்கூடக் கண்ணில் பட்டுவிட்டது. மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியின் பழைய சலவை இயந்திரம் பழைய சாமான் கடையில் கிடந்தது. அக்கா அதன் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குத் தெரிந்து அவள் எந்தச் சாமானையும் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. முன்பணம் கொடுத்து அதை ஒதுக்கி வைக்கச் சொன்னாள். மீதிக்குத்தான் கடன் தேடிப் புறப்பட்டோம்.

வங்கியில் கேட்ட காகிதங்கள் எதுவும் எங்களிடம் இல்லை. கேட்டவர் தலை நிமிராமல் கேட்டார், நாங்களும் நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிட்டோம். அடுத்தது வணிகர் சங்க நலநிதி. 'சிறு தொழிலுக்குக் கைகொடுப்போம்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் இரும்புச் சாமான் கடைக்காரர். அக்கா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"கடை வச்சு விக்கிறவங்களுக்குத்தான்மா நிதி. நீங்க எதை விக்கிறீங்க? தண்ணியில முக்கி எடுக்கறீங்க, அவ்வளவுதானே" என்றார். நாங்கள் எழுந்ததும், "அது கிடக்கட்டும். நம்ம சங்கக் கட்டடத்துத் திரைச்சீலை ஒரு மூட்டை கிடக்கு. பார்த்துப் போட்டுச் சல்லிசா துவைச்சுத் தாங்களேன்" என்று பல்லைக் காட்டினார்.

அக்கா அந்த மூட்டையையும் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியைத் தூக்கிப் போட்டு ஓட்டினேன். "துணி என்னடா பண்ணிச்சு?" என்று ஒரே வார்த்தையில் என்னை அடக்கிவிட்டாள்.

கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் மகளிர் கைத்தொழில் நிதி. பெயரைக் கேட்டால் நாலு பேர் கும்பிடுவார்கள். அடமானம் கேட்க மாட்டார்கள், காகிதம் கேட்க மாட்டார்கள், ஒருத்திக்கு மற்றவள் ஜாமீன். வெள்ளிக்கிழமைதோறும் தலைவி வீட்டுக் கூடத்தில் கூடித் தவணை கட்ட வேண்டும். அந்தத் தலைவிக்கு எப்போதும் சிரித்த முகம். தூக்கத்தில்கூடச் சிரிப்பாளோ என்னவோ. யார் எதைச் சொன்னாலும் "நமக்குள்ள என்னம்மா" என்பாள். நல்லவள்தான் போலிருக்கிறது என்று முதல் வாரம் நானே நினைத்தேன்.

அவர்கள் வழக்கம் போகப் போகத்தான் தெரிந்தது. ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் மற்ற எல்லோரும் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நெஞ்சுப் பக்கம் நிதியின் முத்திரை தைத்த கோட்டு. தெருவில் அந்த நீலம் தெரிந்தாலே இன்று யார் வீட்டில் மானம் போகப்போகிறது என்று ஜன்னல்கள் திறக்கும். பணம் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'உட்காரப் போறது'. அதில் இன்னொரு அசிங்கமும் உண்டு. பாக்கி தீராமல் புதுக் கடன் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதனால் அடுத்து யாருக்குக் கடன் வர வேண்டுமோ அவள்தான் வாயைத் திறந்து கத்த வேண்டும். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வயிறு எரிகிறவளை வைத்தே இன்னொருத்தி வயிற்றில் அடிக்கிற இந்த ஏற்பாட்டை எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ!

கடனுக்கு முன்னால் கட்ட வேண்டிய சேமிப்பை அக்கா ஒழுங்காகக் கட்டி வந்தாள். கடனும் முடிவாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை பணம் தலைவியின் கைப்பையில் தயாராக இருந்தது. வாங்கிய கையோடு பழைய சாமான் கடைக்குப் போய் மிஷினை ஏற்றிவிடலாம் என்று நான் கயிறும் பலகையுமாக வாசலில் வண்டியோடு நின்றேன்.

உள்ளேயிருந்து தலைவி வெளியே வந்தாள். பின்னால் எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். அக்காவும் ஒரு புதுக் கோட்டுக்குள் இருந்தாள்.

"தையல்காரி ரெண்டு வாரமா முகத்தையே காட்டல தம்பி. உங்க அக்கா பணம் அங்கதான் நிக்குது. வண்டிதான் இருக்கே, ஒரு நடை கொண்டுபோய் விட்டுடுங்க. நமக்குள்ள என்ன" என்றாள்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏற்றிக்கொண்டு போனேன். நாற்காலி ஏற்றியிருக்கிறேன், சிமெண்ட் மூட்டை ஏற்றியிருக்கிறேன், அப்படி ஒரு சரக்கை அதுவரை ஏற்றியதில்லை.

தையல்காரி அக்காவைவிட இளையவள். நீளமான நடைவழியின் கடைசியில் ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன் காலடியில் அவளுடைய சின்ன மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நீலத்தைப் பார்த்ததும் தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்தாள். யாரும் கேட்காமலேயே தரையில் கிடந்த துணித் துண்டுகளை ஒதுக்கி இடம் செய்துகொடுத்தாள். பிறகு அடுத்த வீட்டில் டம்ளர்கள் இரவல் வாங்கிவந்து எல்லோருக்கும் தேநீர் போட்டாள். தலைவி அதை வாங்கி ஊதி ஊதிக் குடித்தாள். இவளெல்லாம் ஒரு மனுஷியா!

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலைவி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "ம், ஆரம்பிங்கம்மா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை. கொஞ்சம் சத்தமா, அக்கம்பக்கம் கேக்கட்டும்."

நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா தொண்டையைச் செருமினாள். ஆஸ்பத்திரி மிஷினின் வாய் அவள் கண் முன்னால் வந்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கத்தட்டும் என்றும் நினைத்தேன்.

அந்த நேரத்தில் தையல்காரி கையை நீட்டி அக்காவின் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"கை நீளமா இருக்கே அக்கா. உங்க அளவு எனக்குச் சொல்லல, குத்துமதிப்பா வெட்டிட்டேன். கழட்டிக் குடுங்க, மடிச்சு அடிச்சுத் தர்றேன்."

அக்கா தன் கையைப் பார்த்தாள். "இது நீங்க தைச்சதா?"

"எல்லாக் கோட்டும் நான்தான் தைச்சேன். நூலும் பொத்தானும்கூட என்னோடதுதான்."

"கூலி?"

தையல்காரியின் கண் தலைவி பக்கம் போய்த் திரும்பியது.

"அது நிதிக்குப் பண்ற சேவைம்மா, அதுக்குப் போய்க் கூலி கேப்பாங்களா? ஆண்டுவிழா முடியட்டும், பார்த்துச் செய்யலாம்" என்றாள் தலைவி.

அந்தக் கூலியைக் கொடுத்திருந்தால் தையல்காரி பாக்கியும் கட்டி, அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வைத்திருப்பாள். அவள் தைத்து, அவள் காசு வாங்காத கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவள் தேநீரையே குடித்துக்கொண்டு காசு கேட்கிறார்கள். உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் இது தெரியும் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஒருத்தியாவது தலை நிமிர வேண்டுமே! எல்லோரும் தரையில் கிடந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்தாள். கோட்டைக் கழற்றினாள். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற துணியை எப்படி மடிப்பாளோ அப்படியே ஓரம் சேர்த்து மடித்துத் தலைவியின் மடியில் வைத்தாள். மூக்கைச் சுளித்தாள். ஒரு துணியை வைத்துக்கொண்டு அவள் மூக்கைச் சுளித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நாறுது" என்றாள்.

"புதுக் கோட்டும்மா. இன்னும் தண்ணிகூடப் படல."

"தண்ணி பட்டாலும் நாறும்."

தலைவியின் சிரிப்பு குறையவே இல்லை. கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "யோசிச்சுக்கோங்க. இப்பப் போனா இது திரும்ப வராது."

"வண்டிய எடுடா" என்றாள் அக்கா.

இந்த இடத்தில் தையல்காரி கண் கலங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். ஆனால் அவள் நடைவழி முழுக்க எங்கள் பின்னாலேயே ஓடிவந்து கோபத்தில் வெடித்தாள்.

"உங்களை யாரு எனக்காகப் பேசச் சொன்னா? ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் பணத்தை வாங்கிட்டுப் போயிருக்கலாமில்ல? நான் அழுதிருப்பேன், ஒரு வாரம் டைம் கேட்டிருப்பேன், முடிஞ்சுபோயிருக்கும். இப்ப அவங்க சும்மா விடுவாங்களா? என் மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். என் வண்டி இல்லாவிட்டால் ஊரில் வேறு வண்டியா கிடையாது? பழைய சாமான் கடைக்காரர் மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி மிஷினை வேறு ஆளுக்கு விற்றார். லாட்ஜ் மேனேஜர் பழைய சில அறைகளையும் சேர்த்து வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். அக்கா மறுபடியும் தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். முதுகு வலித்தால் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

நிதியின் ஆண்டுவிழா சங்கக் கட்டடத்தில் நடந்தது. வாடகை நாற்காலி இறக்கப் போனவன் பின்வரிசையில் நின்று பார்த்தேன். மேடையில் அக்கா சல்லிசாகத் துவைத்துக் கொடுத்த திரைச்சீலைகள் பளிச்சென்று தொங்கின. அதற்கு முன்னால் இரும்புக் கடைக்காரர் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தார். தலைவி ஒலிபெருக்கியில் தையல்காரியைக் கூப்பிட்டாள். 'தொழில் மீட்புக் கடன்' என்று அதற்குப் பெயர். பாக்கிக்காகத் தூக்கிக்கொண்டு போன தையல் மிஷினை, புதுக் கடன் எழுதிக்கொண்டு அவளுக்கே விற்கிறார்கள்! மிஷினின் படத்தை அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார்கள். இரும்புக் கடைக்காரர் அதன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

"நிதி மட்டும் இல்லேன்னா எனக்கு மிஷினே கிடைச்சிருக்காது" என்றாள் தையல்காரி. எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் நாற்காலி இருந்ததால் தப்பித்தேன்.

மறுநாள் காலையில் அவள் கடைக்கு வந்தாள். கையில் நீலக் கோட்டு. விழாவில் யாரோ தேநீரைக் கொட்டியிருந்தார்கள், முன்பக்கம் முழுக்கக் கறை.

"சீக்கிரம் அலசிக் குடுங்க அக்கா. இன்னிக்கே வேணும்" என்றாள்.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னிக்கு என்ன?"

"மிஷின் இன்னும் தலைவி வீட்டுக் கூடத்துலதான் இருக்கு. காய்கறிக்காரி தவணை கட்டல. அது தீர்ந்தாத்தான் எனக்குத் தருவாங்களாம்." பின்சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். "நான்தான் பேசணும்."

காய்கறிக்காரி எங்கள் கடைக்குப் பின்சந்தில் இருக்கிறாள். வயதானவள். அழுகலை ஒதுக்கிவிட்டு எடை போடுகிறவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

அக்கா கோட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன், கறை போகாதா?"

"போகும். நான் துவைக்கல."

தையல்காரி கோட்டை வாங்கிக்கொண்டு அக்காவையும், பின்னால் வரிசையாக இருந்த தொட்டிகளையும் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன அக்கா, உங்க தொட்டிய யாரும் தூக்கிட்டுப் போகல."

அக்கா ஈரக் கையோடு நின்றாள். தையல்காரி கறையோடு அப்படியே கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டாள். தன் அளவுக்குத் தானே தைத்தது, கை கச்சிதமாக இருந்தது. தெருமுனையில் மற்ற நீலங்கள் காத்திருந்தன. அவர்களோடு சேர்ந்து பின்சந்துக்குள் திரும்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சந்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மாமாகூடத் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, யார் அது என்று கேட்டார். தையல்காரிக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அதுவரை எங்களுக்கும் தெரியாது.