தம்பியிடம் இருக்கும் சிறுநீரகம்

சுவீடனின் இந்த வடபகுதியில் 'ஆமாம்' சொல்லப் பலரும் வார்த்தையைச் செலவழிப்பதில்லை. உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், "இந்த ரத்தக்குழாயில் இன்னும் உயிர் இருக்கிறதா?" என்று உடன் வேலை செய்யும் இங்கிரிடைக் கேட்டேன். அவள் மூச்சை இழுத்தாள். ஏதோ விபரீதம் என்று பயந்து கருவியையே அணைத்துவிட்டேன். அரை நாள் வேலை வீணாயிற்று.

எலியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த நூல் போன்ற ரத்தக்குழாயை வெதுவெதுப்பான உப்புநீரில் இரண்டு கம்பிகளுக்கிடையே மாட்டி, அதன்மேல் நார்அட்ரினலின் என்ற, உடம்பே சுரக்கும் ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது எங்கள் வேலை. குழாய் சுருங்கும். நரம்பை அறுத்த சிறுநீரகத்தின் குழாய் என்றால் கொஞ்சம் விட்டாலே இறுகிப்போகும். நரம்பு வழியாக வந்துகொண்டிருந்த நார்அட்ரினலின் நின்றுபோனதால், ரத்தத்தில் வருவதற்கு அது அளவுமீறிப் பதறுகிறது.

இதை வெறும் வேலையாகப் பார்க்க என்னால் முடிவதில்லை. என்னுடைய இடது சிறுநீரகம் சித்தையன்கோட்டையில், என் தம்பி பாண்டியின் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அவன் தக்காளியும் கத்திரியும் போடுகிறவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் டயாலிசிஸுக்காகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிக்கொண்டே இருந்தான். விடுப்பில் போய்க் கொடுத்தேன். ரத்தக்குழாய்களைத் தைத்தாயிற்று, நரம்புகளைத் தைக்க முடியாது என்றார் மருத்துவர்.

"நரம்பு இல்லாட்டி நம்ம சொல்றது அதுக்குக் கேக்காதுல்லக்கா?" என்றான் பாண்டி.

"ரத்தத்துல வர்றது கேக்கும்லே. அது போதும்."

தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புண் ஆறியதும் நான் இங்கே திரும்பிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மாதக்கணக்கில் பனி. மதியம் குளிர்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டே அவனைக் கூப்பிட்டு, இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்பேன். அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பசிக்கும்.

போன ஜனவரியில் ஒருநாள் அவன் குரல் அடைத்திருந்தது.

"மூக்கடைப்புக்கா. வத்தலக்குண்டு மருந்துக்கடையில மாத்திரை வாங்கி மூணு நாளாப் போடுறேன்."

"கிட்னி மாத்துனதக் கடையில சொன்னியா?"

"சளிக்கு எதுக்குக்கா அதெல்லாம்?"

அட்டையில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஃபினைல்எஃப்ரின். நாங்கள் சொட்டுவிடும் மருந்தைப் போலவே ரத்தக்குழாயைச் சுருக்குவது.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா. ஒண்ணுக்கும் கம்மியாத்தான் போகுது."

"ஏலே, அந்த மாத்திரையத் தொடாத. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"காய் பறிக்க ஆளு வந்திருக்குக்கா. நாளைக்கு…"

அவன் மனைவி செல்வி போனைப் பிடுங்கினாள். "மதினி, நான் கூட்டிட்டுப் போறேன்."

அதன்பின் மணிக்கணக்கில் அழைப்பே வரவில்லை. என் முகத்தைப் பார்த்து இங்கிரிட் என்னவென்று கேட்டாள். தம்பிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்றேன். அவன் இதே ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கார் சாவியை எடுத்து, "வா, நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் செல்வி பேசினாள். ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்ததாம், சேர்த்துக்கொண்டார்களாம். மாத்திரையை நிறுத்தியபின் இரண்டு நாளில் சிறுநீர் சரியாகப் போயிற்று. மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் உடனே வந்தது நல்லது என்றாராம் மருத்துவர்.

கோடையில் ஊருக்குப் போனேன். திரும்பும் நாளில் பாண்டி என்னை பைக்கில் கொடைரோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட, அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். வலது அடிவயிற்றில், சட்டைக்கடியில், கைப்பிடி அளவுக்குத் திண்ணென்று இருந்தது.

"பயமா இருக்காக்கா? செத்த மெதுவாப் போகவா?"

"மெதுவாவே போ."

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. ஸ்டேஷன் வரும்வரை கையை நான் எடுக்கவில்லை.