மஞ்சள் பூசிய எல்லைக்கல்

1. வடமதுரைப் பக்கம் ஒரு கிணறு

சர்வேயராக நான் செய்த பெரிய தவறை, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். திண்டுக்கல் வட்டாரத்தில் நான் ஒழுங்காக அளந்த நிலங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றால் புது சர்வேயர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, சர்வே பயிற்சியும் முடித்து, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ராசு என்ற விவசாயி, தன் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் எல்லை காட்டச் சொல்லி மனு போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டம் அந்தோணியம்மாளுடையது. கணவர் இறந்த பிறகு தனியாகப் பயிர் செய்துகொண்டிருந்தார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிணறு. அந்தோணியம்மாளும் கணவரும் இரண்டு கோடையாகத் தாங்களே வெட்டிய கிணறு அது. அந்த ஒரு கிணற்றை வைத்துத்தான் அவருடைய ஒன்றரை ஏக்கரும் பிழைத்தது. எல்லைக்கோடு கிணற்றுக்கு எந்தப் பக்கம் விழும் என்பதுதான் அன்றைய கேள்வி.

வரப்பின் ஒரு முனையில் மூன்று ஊர் எல்லைகள் கூடும் கல் இருந்தது. நாங்கள் ட்ரைஜங்ஷன் கல் என்போம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே காய்ந்த பூவோடு நின்றது. மறுமுனையிலும் ஒரு கல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சங்கிலி பிடித்தோம். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தில் இருந்த தூரம் அப்படியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஒரு கல் பக்கவாட்டில் நாலு மீட்டர் தள்ளிப்போயிருந்தால் அவ்வளவு நீளமான கோட்டில் தூரம் பெரிதாக மாறாது, திசைதான் மாறும். இது பயிற்சியின் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதனால்தான் மூன்றாவது கல் ஒன்றிலிருந்தும் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்த மூன்றாவது கல் சீமைக்கருவேல் புதருக்குள் இருந்தது.

சங்கிலி பிடிக்க என்னோடு வந்த செயின்மேன் முத்துச்சாமி என்னைவிட இருபது வயது மூத்தவர். புதரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், செத்த நேரம் குடுத்தீகன்னா வெட்டி உள்ள போயிருவேன். அந்தக் கல்லையும் பாத்துருவோம்.”

“எதுக்குண்ணே? மஞ்ச பூசிக் கும்புடுற கல்ல எவன் நகட்டப் போறான்?”

அவர் அரிவாளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். கோடு இழுத்தோம். கிணறு முழுதாக ராசுவின் பக்கம் விழுந்தது.

அந்தோணியம்மாள் கோடு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு என் அருகே வந்தார்.

“ஐயா, அந்தக் கல்லு வந்து...”

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. வெயில் வேறு. “அளவு பொய் சொல்லாதும்மா. இதுல கையெழுத்துப் போடுங்க” என்று அளந்த விவரம் எழுதிய மகஜரை நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருடமே தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுச் சின்னாளப்பட்டிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை. அந்தச் செய்தி அன்று என்னை ஒன்றும் செய்யவில்லை.

2. கருவி சரியாகத்தான் சொன்னது

ஒன்பது வருடம் கழித்து அதே பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலைக்காக அளக்கப் போனோம். அதற்குள் டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வந்துவிட்டது. அளந்ததில் மற்ற கற்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. ட்ரைஜங்ஷன் கல் மட்டும் நாலு மீட்டர் விலகி நின்றது. புதுக் கருவிக்குக் கோளாறு என்றார்கள் கூட வந்தவர்கள். நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். மறுநாள் திரும்பவும் அளந்தேன். அதே நாலு மீட்டர்.

கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்ற பெண்ணிடம் கேட்டேன்.

“இந்தக் கல்லு எப்பவும் இங்கனதான் இருக்காம்மா?”

“இல்ல சார். முந்தி அந்தா, ஓடைக்கரையில இருந்துச்சு. வெள்ளத்துல சாஞ்சு கெடந்துச்சு. எல்லைக்கல்லு விழுந்து கெடந்தா ஊருக்கு ஆகாதுன்னு ஆம்பளைக தூக்கியாந்து மேட்டுல நட்டாக. சாமி குத்தம் ஆயிரக்கூடாதுல்ல? நட்ட அன்னைக்கித்தான் மொதமொதல்ல மஞ்ச பூசுனோம். அதுக்கு முன்னாடி அது வெறுங்கல்லுதான்.”

கல் இடம் மாறியதற்காகப் பூசிய மஞ்சளைப் பார்த்துத்தான், கல் இடம் மாறவில்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அந்தோணியம்மாள் பாதியில் நிறுத்திய வாக்கியம் அப்போதுதான் என் காதில் விழுந்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. “ஒம்பது வருஷம் ஆச்சுய்யா. அந்தம்மாவே ஒரு மனு போடல. நீயா எழுதிக் குடுத்தா மெமோ ஒனக்குத்தான் வரும். புரமோஷன் நேரத்துல எதுக்கு இந்த வேல?” என்றார். எனக்கும் குடும்பம் இருந்தது. ஒரு வாரம் அந்தப் பழைய அளவைக் கோப்பு என் மேசையிலேயே கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அந்தோணியம்மாள் வாசலில் துணியை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரல் நிற்கவில்லை.

“கல்ல நகட்டுனது எனக்குத் தெரியும்யா. எங்க வீட்டுக்காரரும் சேந்துதான் தூக்குனாரு.”

“அப்ப ஏம்மா ஒரு மனுகூடக் குடுக்கல?”

“குடுக்காம என்ன? ரெண்டு தடவ தாலுகா கச்சேரிக்கு நடந்தேன். சர்வேயர் அளந்து, நீயும் கையெழுத்துப் போட்டுட்ட, இனி என்ன பேச்சுன்னாக. ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன். நீங்க கையக் காட்டிட்டீக.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

3. மறு அளவை

மறுநாளே எழுதிக் கொடுத்தேன்: என் அளவையில் பிழை, மூன்றாவது கல்லை நான் சரிபார்க்கவில்லை. மெமோ வந்தது. விசாரணை நடந்தது. பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. அதில் எனக்குப் புகார் இல்லை.

மறு அளவைக்கு ஊரே கூடியது. இம்முறை முத்துச்சாமியண்ணன் கேட்காமலேயே புதரை வெட்டினார். மூன்று கல்லிலிருந்தும் அளந்தோம். கோடு கிணற்றைத் தாண்டி ராசுவின் பக்கம் போய் விழுந்தது.

“சர்க்காரு அளந்து குடுத்தத நான் வச்சிருந்தேன். இப்ப சர்க்காரே தப்புங்குது. நான் என்னத்தச் சொல்ல?” என்று ராசு ஒதுங்கி நின்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இடையில் அவர் போர்வெல் போட்டிருந்தார். பயன்படாத கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடியிருந்தார். நான் அந்தோணியம்மாளுக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு மூடிய குழி.

ட்ரைஜங்ஷன் கல்லைப் பழைய இடத்தில் நட்டோம். பேச்சியம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு முன்னால் வந்தார். அந்தோணியம்மாள் அவர் கையைப் பிடித்தார்.

“வேணாம் தாயி. அடுத்து வார சர்வேயரும் ஏமாந்துருவாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டு மண்ணை மிதித்துக் கல்லை இறுக்கினேன்.

அதன் பிறகு நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் முத்துச்சாமியண்ணனும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்தக் கிணற்றைத் தூர்வாரினோம். ஓடையின் மழைத்தண்ணீர் உள்ளே வர ஒரு வாய்க்கால் வரைந்து, வெட்டியும் கொடுத்தேன். சிவில் படித்ததில் நான் மனசாரச் செய்த முதல் வேலை அதுதான். ஐப்பசியில் இடுப்பளவு ஊறும், சித்திரையில் வற்றிவிடும். அந்தோணியம்மாள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. விரல்கள் முடிச்சுக்குப் பழகிவிட்டன என்றார். அந்த ஒன்பது வருடத்தை அளந்து கொடுக்க என்னிடம் எந்தக் கருவியும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் விடவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் கட்டணம் இல்லாமல் அளந்து கொடுக்கிறேன். சுடுகாட்டுப் பாதை, கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், அரை ஏக்கர் வைத்திருக்கிறவர்களின் வரப்பு. பெரிய சேவை என்று சிலர் மாலை போட வருகிறார்கள். இதைப் படிக்கிறவர்களாவது காரணத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

புது சர்வேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். கல்லைப் பாருங்கள், படத்தைப் பாருங்கள், மூன்றாவது கல்லையும் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், எல்லை மாறினால் யாருக்கு நஷ்டமோ அவரைக் கூப்பிட்டு, “இந்தக் கல்லப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் அளக்கச் சங்கிலியைத் தரையில் விரிப்பதில்லை.