தேயிலைத் தண்ணீரை மறுத்தவர்கள்

எங்கள் கையால் வாங்கிக் குடிக்க மறுப்பவர் எங்களைத் தாழ்வாக எண்ணுகிறார் என்றே எங்கள் குடும்பம் அன்று நம்பியது. அதற்குக் காரணமும் இருந்தது. ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆகியும், நாகர்கோவில் சந்தையில் எங்களுக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து கைகளில்தான் ஊற்றினார்கள்.

ஒரு கோடையில், வீடு வீடாக நடந்து பிரசங்கித்த, மோர்மன் என்ற அமெரிக்கச் சபையின் இரண்டு இளம் மிஷனரிகள் வெயிலில் சிவந்த முகத்தோடு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா கொடுத்த தேயிலைத் தண்ணீரை வேண்டாம் என்றார்கள். அம்மாவின் முகம் இறுகியது.

"அமெரிக்கா வரைக்கும் சாதி போயாச்சு மக்கா. இனி இந்தப் படி ஏறப்பிடாதுன்னு சொல்லிரு," என்றாள் என்னிடம்.

நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் கையால் வாங்க மாட்டீர்களா என்று நேராகவே கேட்டேன். இருவரில் மூத்தவர் பதறி எழுந்தார். தேயிலையும் காப்பியும் தங்கள் சபையில் விலக்கு என்று திக்கித் திக்கித் தமிழில் சொல்லி, தண்ணீர் கேட்டார். அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் இருவரும் செம்பில் வாய் வைத்தே குடித்தார்கள். மீதியை அம்மா குடித்தாள்.

மறுவாரம் எங்கள் சபையின் உபதேசியார் வந்தார். வேற்று உபதேசக்காரரை வீட்டில் ஏற்றினால் ஆலயத்தில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து எங்களுக்குக் கிடையாது என்றார்.

"அவங்க உபதேசம் எங்களுக்கு வேண்டாம். ஆனா நம்ம செம்புல குடிச்ச பிள்ளைகள வெளிய போன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா.

அவர்கள் நாடு திரும்பும்வரை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதுவரை எங்களுக்குத் திருவிருந்து இல்லை. அம்மா உபதேசியாரிடம் ஒருபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பாவும் அவளும் இப்போது அதே சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் அந்தச் செம்பும் இருக்கிறோம்.