மாமியார் கிட்னியும் மணப்பெண் ஐலைனரும்

மேக்கப் அக்காவின் உடம்பில் மூன்று கிட்னிகள் இருக்கின்றன. இரண்டு பிறவியிலேயே வந்தவை, இப்போது காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. மூன்றாவது மாமியாருடையது. உழைப்பது அது ஒன்றுதான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு கணவருக்குச் சர்க்கரை, அண்ணனுக்குப் பயம், தங்கைக்கு வயிற்றில் குழந்தை என்று கிட்னி கொடுக்க முடியாததற்கு ஆளுக்கொரு காரணம் வந்தது. அப்போது, பக்கத்து வீட்டுக்குக் குடை கொடுத்தனுப்புவதைப் போல, "என்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ண எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார் மாமியார். பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. பதினெட்டு வருடமாக ஒரே சமையலறையில் ஒத்துப்போகாத இரண்டு பேர் ரத்தத்தில் ஒத்துப்போனார்கள்.

ஆனால் உடம்புக்கு நன்றி தெரியாது. அடுத்தவர் உறுப்பு உள்ளே வந்தால், திருடன் நுழைந்துவிட்டான் என்று அடிக்கக் கிளம்பிவிடும். அந்தக் காவல்காரர்களை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கத்தான் மாத்திரை. காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை எட்டு மணிக்கு ஒன்று, ஆயுள் முழுக்க. காலை வேளைக்கு மாமியாரே தண்ணீரோடு வந்து நிற்பார்.

"முழுங்கிட்டியா? வாயைத் திற."

"அத்தை, நான் என்ன எல்கேஜியா?"

"எல்கேஜி பிள்ளைகிட்ட என் கிட்னி இல்லம்மா. உன்கிட்டதான் இருக்கு."

அக்காவின் பார்லர் ஒரு செல்போன் கடைக்கு மேல் உள்ள ஒற்றை அறை. இரண்டு நாற்காலிகள், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு துண்டு. முடி வெட்டுவதும் ஃபேஷியலும் வாடகைக்கு ஆகும். பெயர் வாங்கித் தந்தது மணப்பெண் அலங்காரம். அதிலும் ஐலைனர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேல் இமையில் ஒரே இழுப்பு.

மாத்திரை அந்தக் கையில்தான் கைவைத்தது. விரல்கள் லேசாக நடுங்க ஆரம்பித்தன. ஒரு மண்டபத்தில் கோடு இமையைத் தாண்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் ஓடிவிட்டது. பெண்ணின் சித்தி எட்டிப் பார்த்து, "என்னங்க, பொண்ணு மாப்பிள்ளையைப் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி துடைத்ததில் பெண்ணின் கண் சிவந்துபோனது.

மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில்தான் நடுக்கம் உச்சம் என்பதை அக்கா கவனித்தார். அதனால் கல்யாண நாட்களில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். எட்டு மணிக்கு மாமியார் போன் செய்தால், "போட்டுட்டேன் அத்தை." உண்மையில் வேலை முடிந்துதான் போடுவார். முதலில் அது மதியம் ஒரு மணியாக இருந்தது. பிறகு நான்கானது. ஒரே நாளில் இரண்டு பெண்கள் அமைந்தால் காலை மாத்திரை கைப்பையிலேயே தங்கிவிடும்.

மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு ஐந்து நாள் முன்பிருந்து மட்டும் கடிகாரம் தோற்கும் ஒழுங்கு. அந்த நாட்களில் கல்யாணமே ஒப்புக்கொள்ள மாட்டார். மேலதிகாரி வரும் நாளில் மட்டும் ஆபீஸைப் பெருக்குவது மாதிரி. ரிப்போர்ட்டில் மருந்தின் அளவு அச்சு அசலாகச் சரியாக இருக்கும். அக்காவுக்குத் தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கிட்னியை ஏமாற்ற முடியவில்லை. ஏறினால் கிட்னி தளர்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்றிலிருந்து ஒன்று புள்ளி நான்குக்கு ஏறியது. அடுத்த மாதம் ஒன்று புள்ளி ஒன்பது.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மருந்து அளவு சரியா இருக்கு. அப்ப கோளாறு கிட்னியிலதான் இருக்கணும். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பாத்துடுவோம். கொடுத்தவங்க வயசையும் யோசிக்கணும்."

கொடுத்தவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "என் பொருளை நான் வந்து பாக்கக் கூடாதா?" என்று எல்லாப் பரிசோதனைக்கும் கூடவே வருபவர்.

"டாக்டர், என்கிட்ட இருக்கிறது நல்லாத்தானே ஓடுது? ரெண்டும் ஒரே செட்டுதானே?" என்றார். டாக்டர் ரிப்போர்ட்டையே மறுபடி புரட்டினார். மாமியார் கைப்பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "குறையுள்ளதை உன் தலையில கட்டிட்டேனாம்மா?"

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பழி முழுவதும் வயதின் மேல் போய்விடும். அக்காவால் முடியவில்லை.

"கிட்னி நல்லாத்தான் இருக்கு டாக்டர். நான்தான் ஒழுங்கா இல்ல." மண்டபம், ஐலைனர், ஐந்து நாள் ஒழுங்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மேக்கப்பை விட்டுடுன்னு சொல்வீங்க."

"மாத்திரையை மாத்திப் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

மாமியார் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "நாலு வருஷமா உன் வாயைத் திறந்து பாத்து என்ன பிரயோஜனம். கூப்பிடாத கல்யாணத்துக்கெல்லாம் நானும் வந்திருக்கணும்."

ஊசி போட்டுப் பார்த்ததில், உடம்பு கிட்னியை அடிக்க ஆரம்பித்திருந்தது உறுதியானது. மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். எண் ஒன்று புள்ளி நான்குக்கு இறங்கி நின்றது. பழைய ஒன்று புள்ளி ஒன்றுக்கு இனி திரும்பாது என்றார் டாக்டர். மெதுவாகக் கரையும் மாத்திரை, நாளுக்கு ஒருமுறை, அதில் சிலருக்கு நடுக்கம் குறையும் என்று எழுதிக் கொடுத்தார்.

"சிலருக்குன்னா? அந்தச் சிலர்ல நாம இருக்கமா?" என்று கேட்டார் மாமியார்.

புது மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவரே பார்லருக்குப் படியேறி வந்தார். சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு அக்கா அன்று பதில் சொல்லியாக வேண்டும். மாமியார் கண்ணாடி முன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"போடு."

"உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதே அத்தை."

"பிடிக்காது. போடு."

வலது கண்ணில் கோடு ஒரே இழுப்பில் வந்தது. இடது கண்ணில் வால் பக்கம் லேசாக நெளிந்தது. அக்கா பஞ்சை எடுத்தார். மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அருகில் போய்ப் பார்த்தார்.

"எட்டு மணி மாத்திரை உள்ளே இருக்குதானே?"

"உங்க முன்னாடிதானே முழுங்கினேன்."

"அப்ப இது போதும். அழிக்காத."

அந்த நெளிந்த கண்ணோடே காய்கறி வாங்க இறங்கிப் போனார். அக்கா சனிக்கிழமைப் பெண்ணுக்குப் போன் போட்டார். "நான்தாம்மா வரேன். கண்ணுக்கு மட்டும் அரைமணி கூட ஆகும். அப்ப ரூம்ல யாரும் கமெண்ட் அடிக்கக் கூடாது, சொல்லி வச்சிடு."